பந்தி முடியும் வரை

இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்த பிறகுதான் வடிவுக்குத் தன் இடது கை சும்மா இருப்பது உறைத்தது. இரண்டு வருஷமாக அந்தக் கைக்குச் சும்மா இருக்கும் வழக்கமே இல்லை. கோயில், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, எங்கே போனாலும் அது வீட்டுக்காரர் குற்றாலலிங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடித்துப் பிடித்துப் பழகி, அவர் தூங்கும் நேரத்தில்கூட விரல்கள் அரை வளையமாக மடங்கியே கிடக்கும். இப்போது அந்தக் கையில் செல்போன் இருந்தது. அதைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். திரையில் கல்யாண மண்டபத்தைச் சுற்றி ஒரு பச்சை வட்டம், வட்டத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளிக்கு மேல் 'அப்பா' என்று எழுதியிருந்தது. மகள் உலகம்மாள் சிங்கப்பூரில் இருந்துகொண்டே வைத்த பெயர். மேலே மாடியில், மணமேடைக்கு முன்னால், காற்றாடிக்கு நேர் கீழே போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் கறுப்பு ரப்பர் வார் போட்ட வாட்ச் இருக்கிறது. வாட்ச் இருக்கிற இடத்தில் அவர் இருப்பார், அவ்வளவுதான் விஷயம். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் அப்பா நம்பி வந்து, "அத்தை, நீங்க கீழ போயி மொத பந்தியிலயே சாப்பிட்டுட்டு வந்திருங்க. மாமா இங்கனதான இருக்காவ, நாங்க இத்தன பேரு இருக்கோம்லா," என்றான். இத்தனை பேர் இருக்கிற இடத்தில்தான் ஒருத்தர் காணாமல் போவார் என்று அவனுக்கு யார் சொல்வது? கல்யாண வீட்டில் யாரோ ஒருத்தர் பார்த்துக்கொள்வார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் வட்டம் இருக்கிறதே. வட்டத்தைத் தாண்டினால் போன் துடிக்கும். அந்த ஒரு தைரியத்தில்தான் மாடிப்படி இறங்கி வந்தாள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டாள். புள்ளிக்கு மாடி, கீழ்த்தளம் என்கிற பேதமெல்லாம் கிடையாது. திரையைப் பார்த்தால் அவர் அவளுடைய இலை மேலேயே உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது.

உப்பு, ஊறுகாய், தயிர்ப்பச்சடி, அவியல், பொரியல் என்று வரிசையாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் வலது கை இலைக்கு மேலே போய்க் குடை பிடித்தது. போதும், போதும், கொஞ்சம் போதும். ஏன் போதும் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. குறைய வாங்கினால் சீக்கிரம் முடியும், முடிந்தால் எழுந்து போகலாம். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டுச் சாப்பிட்டு வந்த பழக்கம். வாயில் சோறு இருந்தாலும் காது வாசலில் இருக்கும். கொண்டிச் சத்தம் கேட்கிறதா, செருப்பை இழுக்கிற சத்தம் கேட்கிறதா என்று. அவருக்குக் காலையிலேயே வீட்டில் தயிர்ச்சோறு ஊட்டித்தான் கூட்டி வந்திருந்தாள். பந்தியில் உட்காரவைக்க அவளுக்குப் பயம். போன ஐப்பசியில் ஒரு வளைகாப்பு வீட்டில் பக்கத்து இலைக்காரரின் வடையை எடுத்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "வடை பரவால்ல," என்று அந்த மனுஷனிடமே சொன்னார். அந்த மனுஷன் தங்கமானவர், சட்டினியையும் தொட்டுக்கச் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், வடிவும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். அவியலில் தேங்காயெண்ணெய் மணம் தூக்கலாக இருந்தது. இந்த மணம் எத்தனை நாளாயிற்று. அவள் அவியல் வைப்பதே விட்டுப் போயிற்று. இத்தனை காயையும் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அதற்குள் அவர் எங்கே போயிருப்பாரோ. அவர் சொல்லாமல் செங்கோட்டைக்குப் போன அன்றைக்கும் அவள் புடலங்காய்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஆயுசு முழுக்க டைம் கீப்பராக இருந்த மனுஷன். ஊரெல்லாம் தேடி, போலீஸுக்குப் போய், சாயந்தரம் தகவல் வந்தது. செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நின்றுகொண்டு, "எடு எடு, நேரமாச்சு, அடுத்த வண்டி பின்னால நிக்கான்லா," என்று வண்டிகளை விரட்டிக்கொண்டிருந்தாராம். அந்தக் குரலுக்குப் பயந்து இரண்டு மூன்று டிரைவர்கள் எடுத்தும் விட்டார்களாம். இதைச் சொல்லும்போது எல்லாருக்கும் சிரிப்பு வரும். உதடு வெடித்து, கால் கொப்பளித்து, அவளைப் பார்த்து "நீங்க எந்த ஊருக்குப் போணும்?" என்று கேட்டாரே, அதைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை, அதனால் அதை அவள் சொல்வதில்லை. புள்ளி அசையவில்லை. அவியலை இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் இந்த வாட்ச் வந்தது. மகள் உலகு அதைக் கப்பலேறி வந்த சாமான் மாதிரி பஞ்சு சுற்றி அனுப்பியிருந்தாள். மாத்திரை நேரத்துக்கு அது உலகுவின் குரலிலேயே பேசும். "அப்பா, மாத்திரை போடுங்க." முதல் நாள் அவர் கையைத் தூக்கிக் காதருகே வைத்து, "சரிம்மா, நீ யாரு வீட்டுப் பிள்ள?" என்றார். அவர் எவ்வளவு நடந்தார், எவ்வளவு தூங்கினார், நெஞ்சு எப்படி அடிக்கிறது, எல்லாம் சிங்கப்பூருக்குப் போய்விடும். "அப்பா நேத்து சரியாத் தூங்கலையேம்மா," என்று காலையில் கேட்பாள். தூங்காத மனுஷனுக்குப் பின்னாலேயே அறை அறையாக இன்னொருத்தி நடந்தாளே, அதைச் சொல்கிற வாட்ச் இன்னும் வரவில்லை போலிருக்கிறது. உலகுவைக் குறை சொல்லக் கூடாது. வேலை, இரண்டு பிள்ளைகள், அவளும் போனில் அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள், ஆபீஸில் மேஜைக்கு அடியில் வைத்துப் பார்ப்பாளாம். செங்கோட்டைச் சம்பவத்துக்கு லீவு போட்டு ஓடி வந்தவள், திரும்பிப் போகிற அன்றைக்குச் சொன்னாள். "இன்னொரு தடவ அப்பா இப்பிடிக் காணாமப் போனா நான் யாரையும் கேக்கமாட்டேன்மா. கோயம்புத்தூர் முதியோர் ஹோம்ல சேத்திருவேன். உன்னையும் பலி கொடுக்க என்னால முடியாது." போகிற வழியில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, படம் அனுப்பினாள். சுத்தமான அறை. ஜன்னலுக்கு வெளியே நந்தியாவட்டை. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். அந்தப் படத்தை வடிவு அழிக்கவில்லை. அவர் அசந்த நேரத்தில் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். பார்க்கப் பார்க்க அந்தக் கட்டிலில் அவர் படுத்திருப்பதாகத் தோன்றாது, தானே படுத்துத் தூங்குவதாகத்தான் தோன்றும். யாரும் தொந்தரவு செய்யாத தூக்கம். அந்த நினைப்பு வந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பாள். அவரைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத ஆட்கள் நடுவில் விட்டால், ராத்திரி எழுந்து வடிவு வடிவு என்று கூப்பிட்டால்? கூப்பிடமாட்டார். பெயர் மறந்து வெகு நாளாயிற்று. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அவரை விட்டுவிட்டு அவளுக்கு இருப்புக்கொள்ளாது, இது மட்டும் நிச்சயம்.

"பொண்ணும் மாப்பிள்ளயும் கார்ல இலஞ்சிக் கோயிலுக்குப் போயிட்டு வந்துதான் சாப்பிடுவாவளாம்," என்றாள் பக்கத்து இலைக்காரி. பருத்த, வெற்றிலைச் சிவப்பேறிய வாய்க்காரி, மாப்பிள்ளை வழியில் யாரோ. "பாவம், காலையில இருந்து பச்சத்தண்ணியோட இருக்குதுங்க. நீங்க தனியாவா வந்திய?"

"ஆமா," என்றாள் வடிவு.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. ஏன் அப்படிச் சொன்னாள்? வீட்டுக்காரர் மேலே இருக்காவ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். சொன்னால், ஏன் சாப்பிட வரல என்பாள், உடம்புக்கு என்ன என்பாள், அடடா என்பாள், கொல்லிமலையில் ஒரு வைத்தியர் இருக்கார் என்பாள். அதற்குப் பயந்து வந்த ஆமாவா? இல்லை. யோசிக்காமல் வந்தது, நாக்குக்கு இனிப்பாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. தனியா வந்திருக்கேன். யாரும் இல்ல. இந்த இலையும் நானும்தான். உயிரோடு மாடியில் இருக்கிற மனுஷனை ஒரு சொல்லில் இல்லாமல் ஆக்கிவிட்டாளே. பந்தியில் சொன்ன பொய், தாலி கட்டி அரை மணி நேரம் ஆகாத மண்டபத்தில். போனைப் பார்த்தாள். புள்ளி இருந்தது. சரி. ஆமா என்றால் ஆமா ஆகிவிடுமா என்ன? ஆனாலும் அந்த ஆமாவையே நினைத்துக்கொண்டு, இலையில் விழுந்த வெறுஞ்சோற்றைப் பிசைந்தாள். நேற்று மத்தியானம் அவர் அசந்து தூங்கியபோது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாளே, ஏறி இறங்கியதும் ஒரு பெருமூச்சு விட்டாளே, அது என்ன பெருமூச்சு? அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. சேர்த்துப் பார்த்தால் தாங்காது.

"அம்மா, கைய எடுங்க," என்றது ஒரு குரல். பரிமாறுகிற ஆள் நெய்ச்செம்போடும் பருப்பு வாளியோடும் நின்றான்.

"போட்டாச்சு, போதும்ப்பா."

"பொண்ணு வீட்டு அண்ணாச்சி சொல்லுதாவ, மூணாவது வரிசையில அந்தம்மா இலையில ஒண்ணுமே இல்ல, வெறுஞ்சோத்தப் பிசைஞ்சிக்கிட்டு இருக்காவன்னு. வைக்காமப் போனா என்னைய ஏசுவாவ."

பருப்பும் விழுந்தது, நெய்யும் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கப் பார்த்தாள். அவர் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்துப் படுத்துக் கழுத்து பிடித்துப் போயிருந்தது, பாதிதான் திரும்பியது. வெள்ளைச் சட்டை முதுகுகள், வாளிகள், யார் தோளிலோ தூங்கும் ஒரு குழந்தை. அந்த அண்ணாச்சி யாரென்று தெரியவில்லை. யாராயிருந்தாலும் நன்றாயிருக்கட்டும். இத்தனை இலையில் இவள் இலையைப் பார்த்தானே. சிங்கப்பூரிலிருந்து தினம் போன் வரும், 'அப்பா சாப்பிட்டாச்சா' என்றுதான் வரும். அவளும் அதைத் தப்பாக நினைத்ததில்லை, இப்போது நெய் வாசனையில்தான் கண் ஏன் கரிக்கிறது என்று தெரியவில்லை. பெண்ணுக்கு அண்ணன் தம்பி கிடையாது, ஒற்றைப் பிள்ளை, பெரியப்பா மகன் யாராவது நின்று பார்க்கிறானாயிருக்கும். குற்றாலலிங்கம் வீட்டு வழக்கத்தில் பெண்ணின் அண்ணனுக்கு இரண்டு வேலை. தாலி ஏறினதும் மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டிவிட வேண்டும், பிறகு கீழே வந்து கடைசி இலை எடுக்கிற வரைக்கும் பந்தியை நின்று பார்க்க வேண்டும். தங்கச்சி ஆவுடையின் கல்யாணத்தில் அவர் இரண்டையும் செய்தார். இன்றைக்கு மேடையில் இருக்கிறவள் அந்த ஆவுடையின் பேத்தி. ஆவுடை இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள், ஆனால் அவள் மூக்கும் நெற்றியும் அப்படியே மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வடிவுகூட ஒரு நிமிஷம் திகைத்துப் போனாள். ஆவுடை கல்யாணத்தில் வடிவு மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், கடையநல்லூரிலிருந்து வந்தவள், பந்தியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவள். இடுப்பில் துண்டு கட்டி, நெற்றியில் சந்தனம் காய்ந்துபோய், குற்றாலலிங்கம் வரிசை வரிசையாக வந்தார். "கூச்சப்படாமக் கேட்டு வாங்குங்க." அவள் இலைக்கு நேரே நின்று, "ஏய், இந்தப் பிள்ளைக்குப் பாயாசம் விடு, ஒண்ணுமே சாப்பிடல," என்றார். அந்தச் சொல்லை மடியில் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். பெண் கேட்டு வந்தபோது சரியென்றதும் அந்தப் பாயாசத்துக்காகத்தான். கல்யாணத்துக்கப்புறம் ஒரு நாள் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள். "எல்லா இலையிலயுந்தான் விடச் சொன்னேன். அதுல நீ எது?" என்றார் மனுஷன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

போன் துடித்தது.

பாட்டிலோடு சேர்ந்து மேஜையே துடிப்பது போலிருந்தது. வட்டம் சிவப்பாகிவிட்டது. புள்ளி வட்டத்துக்கு வெளியே இருந்தது. மண்டப வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அவள் பார்க்கப் பார்க்கவே நகர்ந்தது. நடக்கிற வேகமில்லை. வண்டி வேகம். பஸ். ஏறிவிட்டார். ஆமா என்றாளே, ஆமா. தனியாவா வந்திய, ஆமா. நெய்யும் பருப்பும் கேட்டதே இந்த நாக்குக்கு. இரண்டு வருஷம் பிடித்திருந்த கையை இலை போட்டதும் விட்டாளே, வட்டத்தை நம்பி, ஒரு ரப்பர் வாரை நம்பி. வெயில். செங்கோட்டை. கால் கொப்பளம். தண்ணீர் கேட்கத் தெரியாது அவருக்கு, தாகம் என்றால் சட்டையைக் கழற்றுவார். கோயம்புத்தூர் கட்டில், வெள்ளை விரிப்பு, நந்தியாவட்டை. கேட்டாயே வடிவு, கிடைத்துவிட்டது. திரையில் உலகுவின் படம் வந்து நின்று மணியடித்தது. வலது கை முழுக்கச் சோறு. இடது கை விரல் வழுக்கி வழுக்கி ஒரு வழியாகப் பச்சையைத் தள்ளியது.

"அம்மா, அப்பா எங்க? புள்ளி வெளிய போகுதும்மா. வண்டியில போறாங்க. நீ எங்க இருக்க? கூட யாரு இருக்கா?"

வடிவு எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து யார் முழங்காலிலோ இடித்தது.

"பந்தி பாதியில எந்திரிக்காதீய, கல்யாண வீடு," என்று பக்கத்து இலைக்காரி முந்தானையைப் பிடித்தாள். "என்ன ஆச்சு? எங்க போறிய?"

முந்தானையை இழுத்துக்கொண்டு, பிடித்த கழுத்தோடு உடம்பையே முழுதாகத் திருப்பினாள். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில், நான்கு இலை தள்ளி, குற்றாலலிங்கம் நின்றுகொண்டிருந்தார். காலையில் அவள் மடித்துப் போட்டுவிட்ட துண்டு தோளில் இல்லை, இடுப்பில் கட்டியிருந்தது. சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். ஒரு பித்தானைக்கூடத் தானாக மாட்டத் தெரியாத மனுஷன், இரண்டு கையையும் ஒரே அளவுக்கு மடித்திருந்தார். இடது மணிக்கட்டில், வாட்ச் கட்டியிருந்த இடத்தில், வெளுத்த பட்டை மட்டும் இருந்தது. அவள் எழுந்து நிற்பதைப் பார்த்ததும் நேரே வந்தார்.

"ஏன் எந்திரிச்சிட்டிய? பாயாசம் வரலியே இன்னும். உக்காருங்கம்மா, உக்காருங்க."

"வாட்ச்," என்றாள். "கையில இருந்த வாட்ச் எங்க?"

அவர் அவளைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார், ஊர் வழக்கம் தெரியாதவளைப் பார்ப்பது மாதிரி. "மாப்பிள்ளைக்குக் கட்டியாச்சுல்லா. தங்கச்சி கழுத்துல தாலி ஏறியாச்சு, அண்ணன்காரன் வெறுங்கைய வீசிக்கிட்டா நிப்பான்? கட்டிவிட்டேன். நல்ல பையன், கால்ல விழுந்தான். இப்ப ரெண்டு பேரும் கோயிலுக்குப் போயிருக்காவ."

வடிவு உட்கார்ந்தாள். போனில் உலகு கத்திக்கொண்டிருந்தாள். "அம்மா, பாலத்தைத் தாண்டிருச்சும்மா. நான் நம்பி அத்தானுக்கு அடிக்கட்டுமா? போலீஸுக்குச் சொல்லட்டுமா?"

"யாருக்கும் அடிக்காத," என்றாள் வடிவு. "அப்பா இங்கதான் இருக்காவ."

"புள்ளி வெளிய போகுதேம்மா."

"புள்ளி இலஞ்சிக்குப் போகுது. மாப்பிள்ள கையில இருக்கு. அப்பா வாட்ச கழட்டி அந்தப் பையனுக்குக் கட்டி விட்டுட்டாவ. இங்க நின்னு பந்தி பாத்துக்கிட்டு இருக்காவ."

உலகு மெதுவாக, "அப்ப நீ என்னம்மா செய்யுத?" என்றாள்.

"சாப்பிடுதேன். அப்பாதான் என்னைப் பாத்துக்கிடுதாவ."

இப்போது நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. இடது தோளில் துடைத்துக்கொண்டாள். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டாள். "உலகு, கோயம்புத்தூருக்கு ஒண்ணும் சொல்லிராத. அவுகள என்னால விட முடியாது. ஆனா எனக்கு ஒரு ஆள் வேணும்ட்டீ. வாரத்துல ரெண்டு நாளாவது யாராவது வந்து அவுகளப் பாத்துக்கிடணும். எனக்கு முடியல. நான் உக்காந்து சாப்பிடணும்."

"சரிம்மா," என்றாள் உலகு. அவளும் அழுகிறாள் என்று தெரிந்தது. "இத ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

போனைக் கவிழ்த்து வைத்தாள். புள்ளி போகிற இடத்துக்குப் போகட்டும், சாயந்தரம் மாப்பிள்ளையிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். மாத்திரை நேரத்துக்கு அது அந்தப் பையனை அப்பா என்று கூப்பிடப் போகிறது, பாவம். அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். அவள் கை தானாக அவர் மணிக்கட்டுக்கு எழுந்தது. எழுந்த கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். கண் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறார், வரிசை முடிகிற இடத்தில் சுவர் இருக்கிறது. ஒரு கிழவரிடம் குனிந்து, ரசம் வேணுமா மோர் வேணுமா என்று கேட்டார். ஒரு பிள்ளையின் இலையில் அப்பளத்தை உடைத்து வைக்கச் சொன்னார். வழி தெரியாத முகம் இல்லை அது. தங்கச்சியின் கல்யாணத்தைக் குறைவில்லாமல் நடத்திக்கொண்டிருக்கிறவரின் முகம். அவள் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்குமா? மூணாவது வரிசையில் அந்தம்மா என்றாராமே. கேட்டால் எல்லா இலைக்கும்தான் சொன்னேன், அதில் நீங்க எது என்பார். கேட்கவேண்டாம்.

பாயாசம் வந்தது. பாலும் ஏலக்காயுமாக ஒரு கரண்டி விழுந்தது. பழைய பழக்கத்தில் அவள் கை இலைக்கு மேலே போய் நின்றது, போதும்.

"ஏய்," என்று வரிசைக் கடைசியிலிருந்து அவர் குரல் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டையே நடுங்க வைத்த குரல். "அந்தம்மா அப்படித்தான் போதும்பாவ. இன்னொரு கரண்டி விடு."

வடிவு கையை எடுத்துக்கொண்டாள்.